ஊசி குத்தாம சுகர் பாக்குற வாட்ச், நம்பலாமா?

கேள்வி:
அம்மா இன்சுலின் போடுறாங்க, டெய்லி நாலு தடவ குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு, பாக்கவே கஷ்டமா இருக்கு. தோல் மேல லைட் அடிச்சே சுகர் சொல்ற வாட்ச்னு விக்கிறாங்களே, வாங்கலாமா?

பதில் 1:
வேணாங்க ப்ளீஸ். தோலைத் துளைக்காம தானா சுகர் அளக்குற எந்த ஸ்மார்ட் வாட்ச், ஸ்மார்ட் மோதிரத்துக்கும் அனுமதி குடுக்கலன்னு 2024 பிப்ரவரில அமெரிக்காவோட மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏவே எச்சரிச்சுது. தப்பு நம்பர பாத்து இன்சுலின் கூடிப்போச்சுன்னா லோ சுகர்ல மயங்கிடுவாங்க.

பதில் 2:
சிக்கல் எங்கன்னா, உடம்பு ரத்தம் முழுக்க சேத்தாலே குளுக்கோஸ் ஒரு டீஸ்பூன்தான் தேறும், வாட்ச் அடிக்கிற அகச்சிவப்பு ஒளிய தண்ணி, கொழுப்பு, புரோட்டீன் எல்லாமே உறிஞ்சுது, அதுக்குள்ள குளுக்கோஸ் சிக்னல் அமுங்கிடுது, வேர்த்தாலோ வாட்ச் லேசா நகர்ந்தாலோ கூட ரீடிங் மாறிடும். 2001ல குளுக்கோவாட்ச்னு ஒண்ணு எஃப்டிஏ அனுமதியே வாங்குச்சு, லேசா கரண்ட் விட்டு தோல் வழியா திரவத்த இழுக்கும், ஆனா தோல் சிவந்து எரிச்சல் வந்துச்சு, இப்ப மார்க்கெட்லயே இல்ல.

பதில் 3:
டாக்டர்கிட்ட சிஜிஎம், அதாவது உடம்புல ஒட்டிக்கிட்டு தொடர்ந்து சுகர் அளக்குற கருவி பத்தி கேளுங்க. அதுல முடி மாதிரி ஒரு இழை தோலுக்கடியில இருக்கும், ரத்தத்த விட 5-15 நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். அதுவரைக்கும் விரல் நுனியோட நடுவுல குத்தாதீங்க, ஓரத்துல குத்துங்க, வலி கம்மி.

கேட்டவர்:
இன்னிக்கு ஓரத்துல குத்தினேன், அம்மா முகம் சுளிக்கல. ரொம்ப நன்றிங்க.