மொசைக், வண்ணக் கண்ணாடி வேலைகள்: பொருள் வாங்கும்போது எதை முதலில் முடிவு செய்வது?

நீலச்சில்லு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மொசைக் வேலையைச் சென்ற ஆண்டுதான் தொடங்கினேன். முதல் முயற்சியாக ஒரு மயில் செய்தேன். அதற்காகத் தேடி வாங்கிய நீலக் கண்ணாடி, சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தது. அதைச் சிறு சில்லுகளாக வெட்டி, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையால் பிளைவுட் பலகையில் ஒட்டி முடித்துப் பார்த்தால், மயிலின் கழுத்து ஏறக்குறையக் கறுப்பாக இருந்தது. அது போதாதென்று, சாரல் படும் இடத்தில் மாட்டிய சில மாதங்களில் பலகை உப்பி, சில்லுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழத் தொடங்கின. கீழே கிடந்த ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் பசை பால்போல வெளுத்திருந்தது. நகத்தால் உரித்தபோது தோலாகக் கையோடு வந்துவிட்டது.

இப்போது இரண்டு வேலைகளைத் திட்டமிட்டிருக்கிறேன். ஒன்று, வீட்டின் வெளிச்சுவரில் பொருத்துவதற்கு 30 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவில் ஒரு மொசைக் பெயர்ப்பலகை. அதன்மீது மழையும் வெயிலும் நேரடியாகப் படும். மற்றொன்று, சன்னலில் தொங்கவிடுவதற்கு ஏறத்தாழ 25 செ.மீ. விட்டமுள்ள வட்டமான வண்ணக் கண்ணாடி. அதைக் கண்ணாடித் துண்டுகளின் விளிம்பில் செம்பு நாடா சுற்றி, உருக்கிய ஈயக் கலவையால் பற்றவைக்கும் முறையில் செய்ய நினைக்கிறேன். இரண்டுக்கும் எந்த வகைக் கண்ணாடி வாங்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும், எந்தப் பொருளில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கவே கூடாது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மஞ்சள்கண்ணாடி எழுதிய பதில்:

உங்கள் மயில் கறுத்ததற்கும் சில்லுகள் விழுந்ததற்கும் கைத்திறன் குறைவு காரணமல்ல. இரண்டும் பொருள் வாங்கும்போதே நேர்ந்துவிட்ட பிழைகள். கண்ணாடிக்கு ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது, வேலை முடிந்த பொருள் எங்கே இருக்கப்போகிறது என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகுதான் நிறங்களைப் பார்க்கவே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கதீட்ரல் கண்ணாடி என்று விற்கப்படுவது ஒளி ஊடுருவும் ஒற்றை நிறக் கண்ணாடி. ஒளி பின்னாலிருந்து வந்தால்தான் அதன் நிறம் முழுமையாகத் தெரியும். அதையே பலகையில் ஒட்டிவிட்டால், முன்னாலிருந்து வரும் ஒளி கண்ணாடிக்குள் புகுந்து, பலகையில் பட்டு, அதே கண்ணாடி வழியாக மறுபடியும் வெளியே வர வேண்டும். இப்படி இரண்டு முறை வடிகட்டப்பட்ட ஒளியில் பெரும்பகுதியைப் பழுப்பு நிறப் பலகையும் விழுங்கிவிட்டதால்தான் உங்கள் நீலம் கறுத்தது. ஓபல் வகைக் கண்ணாடி அப்படியல்ல. பால் கலந்ததுபோல் மங்கலாக இருப்பதால், மேற்பரப்பிலிருந்தே ஒளியைத் திருப்பி அனுப்பும். எனவே பெயர்ப்பலகைக்கு ஓபல் கண்ணாடியையும் சன்னல் வட்டத்துக்குக் கதீட்ரலையும் வாங்குங்கள். வட்டத்தில் ஓரிரண்டு ஓபல் துண்டுகளைக் கலந்தால், கண்ணைக் கூசவைக்கும் ஒளிக்கு நடுவே பார்வை இளைப்பாற ஓர் இடம் கிடைக்கும்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. வாங்க நினைக்கும் துண்டை ஒரு கறுப்புத் துணியின் மீது வைத்துப் பாருங்கள். நிறம் அப்படியே நின்றால் அது பலகையில் ஒட்டத் தகுந்தது. துணியோடு சேர்ந்து இருண்டுவிட்டால் அது சன்னலுக்குரியது. இணையத்தில் வாங்குவதானால், விற்பவரிடம் ஒளிக்கு எதிரே பிடித்து எடுத்த படம் ஒன்றும், மேசைமீது வைத்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். பின்னொளியில் எடுத்த படத்தை மட்டும் நம்பி மொசைக்குக் கண்ணாடி வாங்கி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து அடிப்பலகை. வெளியில் வைக்கும் வேலைக்குப் பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை இரண்டையும் மறந்துவிடுங்கள். எவ்வளவு வார்னிஷ் பூசினாலும் விளிம்பிலும் திருகாணித் துளையிலும் நீர் புகுந்துவிடும். டைல் பதிப்பதற்கென்றே விற்கப்படும் சிமெண்ட் போர்டு வாங்குங்கள். சுவரில் மாட்டுவதற்கான துளைகளைச் சில்லு ஒட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும் தன்மையுடையது. நீங்கள் நகத்தால் உரித்த தோல் அதுதான். வீட்டுக்குள் மாட்டும் படங்களுக்கு அது தாராளமாகப் போதும். வெளிச்சுவருக்குப் பாலிமர் கலந்த டைல் ஒட்டும் சிமெண்டைத்தான் பயன்படுத்த வேண்டும், அதிலும் வெள்ளை நிறத்தையே கேட்டு வாங்க வேண்டும். ஓபல் கண்ணாடியில்கூட ஓரளவு ஒளி உள்ளே போகும் என்பதால், சாம்பல் நிறச் சிமெண்ட் பின்னாலிருந்து நிறத்தை அழுக்காக்கிவிடும். நீங்கள் சிக்கனம் பார்க்கவே கூடாத இடம் இந்தப் பலகையும் இந்தச் சிமெண்டும்தான்.

அளவைப் பொறுத்தவரை, உங்கள் பலகையின் பரப்பு 1,350 சதுர செ.மீ. வண்ணக் கண்ணாடித் தகடுகள் பெரும்பாலும் 3 மி.மீ. கனத்தில் வருகின்றன, கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.5 கிராம் என்று கொண்டால், இடைவெளியே இல்லாமல் நிரப்ப ஏறக்குறைய 1 கிலோ ஆகும். இடைவெளிகள் கொஞ்சம் குறைக்கும், வெட்டும்போது வீணாகும் துண்டுகள் அதைவிடக் கூட்டும். ஆகவே எல்லா நிறங்களும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ வாங்கினால் போதும். தகடாக வாங்காமல் எடைக்கு விற்கும் துண்டுகளாக வாங்குவது மொசைக்குக் கட்டுப்படியாகும். 20 மி.மீ. சதுரக் கண்ணாடி டைல்களைப் பயன்படுத்துவதானால், 2 மி.மீ. இடைவெளி விட்டு ஏறத்தாழ 280 டைல்கள் தேவைப்படும். எழுத்துகளைச் சுற்றி வெட்ட வேண்டியிருப்பதால் 40 டைல்களைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணிக்கான நிறத்தை மட்டும் ஒரே முறையில், ஒரே தொகுதியிலிருந்து வாங்கிவிடுங்கள். கண்ணாடி உலையிலிருந்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் நிறம் சற்று மாறும். பாதி வேலையில் தீர்ந்துபோய் மறுபடியும் வாங்கினால், அந்த எல்லைக்கோடு பலகையில் என்றும் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம், செலினியம் போன்றவையும், சில இளஞ்சிவப்பு, மாணிக்கச் சிவப்பு நிறங்களுக்குத் தங்கமும் சேர்க்கப்படுவதால் அவற்றின் விலை எப்போதும் கூடுதலாகவே இருக்கும். அவற்றைப் பூவுக்கும் எழுத்துக்கும் வைத்துக்கொண்டு, பின்னணிக்கு நீலம், பச்சை, வெள்ளை என்று போவது நல்லது.

சில தகடுகளில் 90, 96 என்று எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவை வெப்பத்தில் கண்ணாடி விரிவடையும் அளவைக் குறிப்பவை. சூளையில் இரண்டு கண்ணாடிகளை உருக்கி இணைப்பவர்கள்தான் அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஒட்டுவதற்கும் பற்றவைப்பதற்கும் அந்த எண்ணுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

ஈயக்கோடு எழுதிய பதில்:

மேலே சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். சன்னல் வட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

செம்பு நாடா பல அகலங்களில் கிடைக்கும். 3 மி.மீ. கனமுள்ள கண்ணாடிக்கு 5.6 மி.மீ. அகலம், அதாவது அங்குலக் கணக்கில் 7/32, சரியாக இருக்கும். விளிம்பின் கனம் போக மீதமுள்ள 2.6 மி.மீ. இரண்டு பக்கமும் ஆளுக்கு 1.3 மி.மீ. மடியும். இந்த மடிப்பின் அகலத்தைப் பொறுத்துத்தான் பற்றவைத்த கோட்டின் அகலம் அமையும். மேடுபள்ளமான கண்ணாடி கனமாக இருந்தால் கால் அங்குல நாடா வேண்டும். பசையுள்ள உட்புறம் செம்பு, கறுப்பு, வெள்ளி என்று மூன்று நிறங்களில் வரும். ஒளி ஊடுருவும் கண்ணாடியில் அந்த உட்புறம் விளிம்பு வழியாகத் தெரியும் என்பதால், கடைசியில் கோடுகளைக் கறுப்பாக்கப் போகிறீர்களா, வெள்ளியாகவே விடப் போகிறீர்களா என்பதை இப்போதே முடிவு செய்து அதற்கேற்ற நாடாவை வாங்குங்கள். ஒரு சுருள் வழக்கமாக 33 மீட்டர் இருக்கும். இருபது துண்டுகள் என்று கொண்டால் உங்கள் வட்டத்துக்கு நான்கைந்து மீட்டர்தான் செலவாகும். மீதியைக் காற்றுப் புகாத உறையில் போட்டு வையுங்கள். நிறம் மங்கிப்போன செம்பில் ஈயம் சரியாகப் பிடிக்காது.

பற்றவைப்பதற்கு 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த சால்டர் கம்பி வாங்குங்கள். அது 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 190 டிகிரி அளவிலேயே முழுவதும் உருகிவிடுவதால், அயர்னை, அதாவது பற்றவைக்கும் சூட்டுக்கோலை, எடுத்தவுடன் உறைந்து, உருண்டையான அழகான கோடாக நிற்கும். பாதிக்குப் பாதி கலந்த கம்பி முழுவதும் உருக 215 டிகிரி வரை வேண்டும். உறைவதற்குள் பரவித் தட்டையாகிவிடும். மின்னணு வேலைக்கு விற்கும், நடுவில் குங்கிலியம் வைத்த கம்பி இதற்கு உதவாது. அது பழுப்பு நிறப் பிசுக்காகக் கண்ணாடியில் படிந்து, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருக்கும். கெட்டியான கம்பியும், சால்டர் செம்பில் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ் என்ற பூச்சு தனியாகவும்தான் வேண்டும். அயர்ன் 80 முதல் 100 வாட் வரை இருக்கட்டும். 25 வாட் அயர்னில் நான் செய்த முதல் வேலையில், கோடு முழுவதும் உறைந்த மெழுகுபோல் திட்டுத்திட்டாக இருந்தது; பிழை கையில் என்று எண்ணி ஒரு மாதம் பயிற்சி செய்தேன், அயர்னை மாற்றிய அன்றே கோடு வழுவழுப்பாக வந்தது.

ஈயம் உடலுக்குக் கேடு என்பதை வாங்கும்போதே மனத்தில் வையுங்கள். சமைக்கும் மேசையில் இந்த வேலை வேண்டாம். காற்றோட்டம் வேண்டும், முடித்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகள் தொட்டு விளையாடும் உயரத்தில் மாட்டுவதானால் ஈயமில்லாத கம்பியை வாங்குங்கள். அதற்குக் கூடுதல் வெப்பமும் கூடுதல் பொறுமையும் தேவைப்படும். ஆனாலும் அந்த இடத்தில் அதுவே சரி.

ஓட்டுச்சில்லு எழுதிய பதில்:

நான் பழைய டைல்களையும் உடைந்த தட்டுகளையும் கொண்டு வேலை செய்பவள். செலவைக் குறைக்கப் பெரும்பாலோர் இந்தப் பக்கம் வருவதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சுவர் டைல் எல்லாமே வெளியில் நிற்காது. பளபளப்பு இல்லாத பின்பக்கத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். நொடியில் உறிஞ்சி அந்த இடம் கறுத்தால், அது நீர் குடிக்கும் டைல்; உறைபனி விழும் ஊர்களில் அந்த நீரே உள்ளே பனிக்கட்டியாகி டைலைப் பிளந்துவிடும். சொட்டு அப்படியே முத்தாக நின்றால் தைரியமாக வாங்கலாம். போர்சலின் டைலின் நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு.

தட்டையான அடிப்பகுதியுள்ள கண்ணாடி மணிகளை வாங்கினால், நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறதா, முதுகில் பூசப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, காலையில் நகத்தால் சுரண்டினால் தெரிந்துவிடும். முகம்பார்க்கும் கண்ணாடிச் சில்லுகளை ஒட்ட, காடி வாடை அடிக்கும் சிலிக்கோனை வாங்காதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் ரசப்பூச்சை அரித்து, விளிம்பிலிருந்து கறுப்புப் புள்ளிகள் பரவும். நியூட்ரல் என்று குறித்த சிலிக்கோன் வேண்டும்.

கருவிகளில், கண்ணாடிக்கு இரண்டு சக்கரங்கள் உள்ள நிப்பரும் (சில்லு வெட்டும் இடுக்கி), தட்டுக்கும் டைலுக்கும் பல்போன்ற வாயுள்ள நிப்பரும் தனித்தனியாக வேண்டும். ஒன்றை வைத்து இரண்டு வேலையையும் செய்தால் சக்கரம் சீக்கிரம் மழுங்கும். கண்காப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு சில்லைக்கூட வெட்டாதீர்கள். பழைய கண்ணாடிக் கதவு, அலமாரித் தட்டு என்று இலவசமாகக் கிடைத்தால், மூலையில் டெம்பர்டு, அதாவது சூடாக்கி வலுவேற்றியது, என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய கண்ணாடியை எந்தக் கட்டராலும் வெட்ட முடியாது. கீறினால் முழுத்தகடும் குருணையாகச் சிதறும்.

நீலச்சில்லு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கறுப்புத் துணிச் சோதனையைக் கையிருப்பில் இருந்த துண்டுகளில் இன்றே செய்து, இரண்டு பெட்டிகளாகப் பிரித்துவிட்டேன். இன்னும் ஒரே ஒரு ஐயம். இடைவெளியை நிரப்பும் கிரவுட்டை எந்த நிறத்தில் வாங்குவது? வெள்ளை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எண்ணியிருந்தேன்.

மஞ்சள்கண்ணாடி:

பொருந்தாது. வெள்ளைக் கிரவுட் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகக் காட்டி, பக்கத்து நிறங்களை வெளுக்கச் செய்யும். எழுத்துகள் கண்ணுக்குப் பிடிபடாது. கரிய சாம்பல் நிறம் நீலத்தையும் சிவப்பையும் தூக்கிக் காட்டும். பின்னணியின் நிறத்துக்கு அருகில் உள்ள கிரவுட்டை எடுத்தால், பின்னணி ஒன்றாக இணைந்து எழுத்து மட்டும் முன்னால் நிற்கும். பெயர்ப்பலகைக்கு நான் அதையே செய்வேன். இடைவெளி 3 மி.மீ.க்குள் இருந்தால் மணல் கலக்காத வகை, அதற்கு மேல் போனால் மணல் கலந்த வகை. பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் அணியுங்கள்; கழுவிய நீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்.

முழு அளவுக்கும் கிரவுட் வாங்குவதற்கு முன், சிமெண்ட் போர்டில் வெட்டி மீந்த ஒரு துண்டில் உங்கள் பின்னணிக் கண்ணாடியில் ஒன்பது சில்லுகளை ஒட்டி, இரண்டு நிறக் கிரவுட்டைப் பாதிப் பாதியாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு வெளிச்சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும் என்பதால், அன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம்.