டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பில் ஹம், இஎஸ்-175 கிட்டாரில் ஊளை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஆம்ப்: 1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், பிளாக்ஃபேஸ் (கருப்பு முகப்பு), ஏபி763 (ஃபெண்டரின் சர்க்யூட் எண்). கிட்டார்: 1955 கிப்சன் இஎஸ்-175, இரண்டு பி-90 பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் சுருள்), 12-52 ஃப்ளாட்வூண்ட் கம்பி. ஆம்ப் அமெரிக்க 120 வோல்ட் மாடல் என்பதால் ஸ்டெப்டவுன் பெட்டி வழியாக 230 வோல்ட் லைனில் ஓடுகிறது.

தொந்தரவு மூன்று. கிட்டாரே சொருகாமல், இரண்டு சேனல் வால்யூமும் பூஜ்யத்தில் இருக்கும்போதே கனமான ஹம் ('ம்ம்' என்ற இரைச்சல்). கிட்டாரைச் சொருகினால் அதற்கு மேல் ஒரு கரகரப்பு, கம்பியைத் தொட்டாலும் அது குறைவதில்லை. வால்யூம் 4 தாண்டினால் ஆறாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட் பக்கம் ஊளை பிடித்துக்கொள்கிறது. வால்வுகள் ஒன்பதையும் புதிதாக மாற்றியும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1

மூன்றும் மூன்று வெவ்வேறு கோளாறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் வால்யூம் பூஜ்யத்தில் வரும் ஹம்மைப் பாருங்கள்.

உங்கள் கிட்டாரையே டியூனராக வைத்து அந்த ஹம்மின் சுதியைக் கண்டுபிடிக்கலாம். நம் லைன் 50 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையர் வால்வைத் (ஏசியை டிசியாக்குவது) தாண்டி வரும் அலைவு 100 ஹெர்ட்ஸ். அது ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் ஜி சுரத்துக்கு (98) மயிரிழை மேலே நிற்கும். ஹம் அந்த ஜியோடு ஒட்டினால் பவர் சப்ளை கோளாறு. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) வயரிங், எர்த், பயாஸ் சப்ளை (பவர் வால்வுகளின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மைனஸ் வோல்டேஜ்) ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். அமெரிக்க வழிகாட்டிகளில் இதையே 120, 60 என்று எழுதியிருப்பார்கள், நமக்குப் பொருந்தாது.

அடுத்து, ஆம்பை அணைத்து, பின்பக்கம் பார்த்து வலமிருந்து ஆறாவது வால்வை (ஃபேஸ் இன்வெர்ட்டர், 12ஏடி7; பவர் வால்வுகளுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுப்பது) கழற்றிவிட்டு, அது இல்லாமலே ஆம்பை மறுபடி ஆன் செய்யுங்கள். ஹம் அப்படியே இருந்தால் கோளாறு அந்த வால்வுக்குப் பின்னால்: ஃபில்டர் கெபாசிட்டர் (சப்ளை அலைவைச் சமன் செய்வது), பயாஸ் சப்ளை, அல்லது ஜோடி சேராத 6வி6 (இரண்டு பவர் வால்வுகள்). ஹம் நின்றால் அதற்கு முன்னால். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் மட்டும் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

பதில் 2

அதற்கும் முன்னால் ஒன்று. அந்த ஸ்டெப்டவுன் பெட்டியின் 120 வோல்ட் பக்கம் எர்த் பின் இருக்கிறதா? பல பெட்டிகளில் இரண்டு ஓட்டைதான் இருக்கும். எர்த் அங்கேயே அறுந்துவிடும். பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஆம்ப் பிளக் பெட்டியில் இருந்தபடியே, சேஸிக்கும் (ஆம்பின் உலோகச் சட்டம்) பெட்டி பிளக்கின் எர்த் பின்னுக்கும் இடையே ஓம் பாருங்கள். 1 ஓமுக்கு மேல் காட்டினால் எர்த் கடத்தும் பெட்டியாக மாற்றுங்கள்.

அந்தக் காலத்து இரண்டு கோர் வயர் இன்னும் இருந்தால் மூன்று கோராக மாற்றி, எர்த்தை சேஸியில் தனி போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபியூஸ் லைவ் வயரில் வர வேண்டும். கிரவுண்ட் ஸ்விட்சிலிருந்து சேஸிக்குப் போகும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஷார்ட் ஆனால் லைன் வோல்டேஜ் நேராக சேஸிக்கு வரும். சேஸியிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து உங்கள் கை.

பெட்டி எத்தனை வோல்ட் தருகிறது என்றும் அளந்து சொல்லுங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்பார்மரை அதே வோல்டேஜில் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கோரில் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும், சூடு ஏறும். 110 முதல் 115 வோல்ட் கொடுப்பது நல்லது. ஹீட்டர் 5.9 வோல்ட் வரை இறங்கினாலும் பாதகமில்லை.

கேள்வி கேட்டவர்

எர்த் இல்லைதான். பெட்டியை மாற்றி, மூன்று கோர் வயர் போட்டு, கெபாசிட்டரையும் எடுத்தாயிற்று. இப்போது 113 வோல்ட். ஹம் ஜியை ஒட்டித்தான் நிற்கிறது, ஆறாவது வால்வைக் கழற்றினாலும் மாறவில்லை. முதல் ஃபில்டர் முனையில் ஏசி 13 வோல்ட் காட்டுகிறது. 6வி6 இரண்டும் 19, 31 மில்லிஆம்ப்.

பதில் 1

விடை இரண்டும் கிடைத்துவிட்டது. புஷ்புல் ஆம்பில் (இரண்டு பவர் வால்வும் மாறி மாறி வேலை செய்யும் அமைப்பு) இரண்டு 6வி6-ம் ஒரே அளவு மின்னோட்டம் இழுத்தால் சப்ளை அலைவு அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 12 மில்லிஆம்ப் வித்தியாசம் இருந்தால் மிச்சம் ஸ்பீக்கருக்கு வரும். கூடவே முதல் முனையில் 4, 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 13. கெபாசிட்டர் வற்றிவிட்டது. (சில மலிவு மீட்டர்கள் டிசி கலந்தால் ஏசியைத் தப்பாகக் காட்டும். 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கெபாசிட்டரைத் தொடரில் வைத்து அளந்தால் சந்தேகம் தீரும்.)

சேஸியின் மேல் இருக்கும் தகர மூடிக்குள் ஐந்து கெபாசிட்டர், 16 மைக்ரோஃபாரட் 450 வோல்ட். ஐந்தையும் 22 மைக்ரோஃபாரட் 500 வோல்ட் ஆக்சியலாக (இரு முனையிலும் கால் உள்ள வகை) மாற்றுங்கள். முதல் இரண்டும் பேரலல் என்பதால் 44 ஆகும். ஜிஇசட்34 ரெக்டிஃபையருக்கு உச்ச வரம்பு 60. "அதிகம் போட்டால் ஹம் இன்னும் குறையும்" என்று 100 போட்டால் ரெக்டிஃபையர் வால்வு தெறிக்கும்.

கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் மாட்டி, பாசிட்டிவ் முனையையும் சேஸியையும் பத்து விநாடி இணையுங்கள். ஒவ்வொரு முனையும் 5 வோல்ட்டுக்குக் கீழ் வந்ததா என்று மீட்டரில் பார்த்த பிறகே சோல்டரிங் அயனை எடுக்க வேண்டும்.

பயாஸ் கெபாசிட்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், 100 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் போதும். அதன் பாசிட்டிவ் கால்தான் சேஸிக்குப் போக வேண்டும், ஏனென்றால் பயாஸ் மைனஸ் வோல்டேஜ். பழக்கதோஷத்தில் மற்றவற்றைப் போல நெகடிவைச் சேஸிக்குக் கொடுத்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு. அப்படிச் செய்தால் கெபாசிட்டர் வெடிக்கும், பயாஸ் போய் 6வி6 சிவந்துவிடும்.

புதிய 6வி6 ஜோடி 2 மில்லிஆம்புக்குள் ஒத்திருக்கட்டும். எட்டாம் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஒரு மில்லிவோல்ட் ஒரு மில்லிஆம்ப். பிளேட்டில் 415 வோல்ட் இருந்தால் 20 முதல் 22-க்குள் வையுங்கள்.

பதில் 3

கிட்டார் பக்கம் நான் சொல்கிறேன். கம்பியைத் தொட்டும் கரகரப்பு குறையவில்லை என்றால் டெயில்பீஸுக்குப் (கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் உலோகத் துண்டு) போகும் எர்த் வயர் விட்டிருக்கிறது. இஎஸ்-175-இல் பிரிட்ஜ் உடம்பின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது, அதற்கு வயர் கிடையாது. கம்பிகளுக்கு எர்த் கிடைப்பது டெயில்பீஸ் வழியாக மட்டும்தான். டெயில்பீஸுக்கும் ஜாக்கின் வெளிப்பக்கத்துக்கும் 1 ஓமுக்குள் வர வேண்டும்.

வயரைத் தேட வேண்டுமென்றால் எல்லாம் எஃப் வடிவ ஓட்டை வழியாகத்தான். பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருப்பது) நட்டுகளைக் கழற்றும் முன் ஒவ்வொரு பாட் தண்டிலும் மீன்தொட்டி ஏர் டியூபைச் சொருகிவிடுங்கள், ஜாக்கிலும் ஒரு நூல் கட்டிவிடுங்கள். பிறகு டியூபை இழுத்தால் பாட் தானாகத் தன் ஓட்டைக்கு வந்து நிற்கும். இது இல்லாமல் இறங்கினால் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும்.

எர்த் சரியான பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும். பி-90 ஒற்றைச் சுருள், அதன் சுபாவம் அது. ஆம்பின் பவர் டிரான்ஸ்பார்மரை விட்டு ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி, உட்கார்ந்தபடி உடம்பைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் அடங்கும். 1957-க்குப் பிறகு வந்த ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) போல ஆக்க வேண்டும் என்று அந்தப் பிக்கப்பை மாற்றிவிடாதீர்கள். அந்தக் குரல் பி-90-க்கே உரியது.

பதில் 4

ஊளைக்கு: ஆறாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட் என்பது ஏ, 110 ஹெர்ட்ஸ். உள்ளீடற்ற உடம்பின் காற்று அதிரும் இடம் ஏறக்குறைய அங்கேதான். ஸ்பீக்கர் ஒலி அந்தக் காற்றை அசைக்கிறது, அது மேல்பலகையை அசைக்கிறது, பிக்கப் அதை மறுபடி ஆம்புக்கு அனுப்புகிறது.

ஆம்பைத் தரையிலிருந்து நாற்காலி உயரத்துக்குத் தூக்குங்கள், பாஸை 2-க்கு இறக்குங்கள். இன்னொன்று பலர் முயன்று பார்க்காதது: வைப்ராடோ சேனலிலிருந்து நார்மல் சேனலுக்கு மாறுங்கள். வைப்ராடோ பக்கம் ஒரு கெயின் ஸ்டேஜ் (சிக்னலைப் பெருக்கும் கட்டம்) கூடுதல் என்பதால் இரண்டு சேனலின் ஃபேஸும் நேர் எதிர். ஒன்றில் ஊளையிடும் சுரம் மற்றதில் பெரும்பாலும் அடங்கிவிடும். ரிவெர்ப் கிடைக்காது, அவ்வளவுதான். உட்காரும் இடத்தை ஒன்றரை மீட்டர் மாற்றினாலும் கிட்டத்தட்ட இதே பலன், அது 110 ஹெர்ட்ஸின் அரை அலைநீளம். இதற்கும் அடங்காவிட்டால் மட்டும் எஃப் ஓட்டைகளில் கருப்பு ஃபோம் வெட்டி வையுங்கள், பசை வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

கெபாசிட்டர் ஆறும் மாற்றியாயிற்று. முதல் முனையில் இப்போது 4.1 வோல்ட், 6வி6 21, 22. பூஜ்யத்தில் ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. டெயில்பீஸ் வயர் உள்ளே வெறும் மரத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தது, திருத்திவிட்டேன். நார்மல் சேனலில் 5 வரை ஊளை இல்லை. ரிவெர்ப் குமிழைத் திருப்பும்போது மட்டும் லேசான ஹம் ஏறுகிறது. இது என்ன?

பதில் 1

ரிவெர்ப் டாங்க் (எதிரொலி தரும் ஸ்பிரிங் பெட்டி) பவர் டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தை வாங்குகிறது. டாங்கின் அவுட்புட் முனை டிரான்ஸ்பார்மருக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பையோடு திருப்பிப் போடுங்கள். அப்படியும் இருந்தால் ரிட்டர்ன் கேபிளின் ஷீல்டு இரண்டு முனையிலும் பிடித்திருக்கிறதா என்று ஓம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.