அரோரா பாக்க டிசம்பரா மார்ச்சா?

பனித்துளி:
நார்தர்ன் லைட்ஸ், அதாவது வடதுருவப் பக்கம் ராத்திரி வானத்துல தெரியுற வண்ண ஒளி, அரோரா, பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசைங்க. டிசம்பர்ல ராத்திரி நீளம், அதான் பெஸ்ட்னு சிலர் சொல்றாங்க, மார்ச் வரைக்கும் பொறுங்கன்னு வேற சிலர். நார்வேல ட்ரோம்சோவா, ஸ்வீடன்ல அபிஸ்கோவா, கனடாவுல யெல்லோநைஃபான்னும் குழப்பம். போய்ப் பாத்தவங்க சொல்லுங்களேன்.

இராக்குருவி:
மாசத்த விட மேகம்தாங்க முக்கியம். அரோரா தரைக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல நடக்குது, கீழ மேகம் மூடிட்டா மேல வானமே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் நமக்கு ஒண்ணும் தெரியாது. ட்ரோம்சோ கடலோரம், வெதுவெதுப்பான நீரோட்டம் இருக்கறதால குளிர் அவ்வளவு வாட்டாது, ஆனா மேகத்தொல்லை ஜாஸ்தி. அபிஸ்கோவுக்கு மேற்கால இருக்குற மலைங்க ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே வடிச்சு விட்டுடும், அதனால வானம் தெளிவா கிடைக்க வாய்ப்பு அதிகம், என் ஓட்டு அதுக்குத்தான். யெல்லோநைஃபும் அருமை, ஆனா ஜனவரில மைனஸ் 30லாம் சர்வசாதாரணம்.

வடமீன்:
நான் மார்ச் கட்சி. பகலும் ராத்திரியும் சமமா வர்ற நாள ஒட்டி, அதாவது மார்ச், செப்டம்பர்ல, பூமியோட காந்தப்புலம் சூரியக்காத்தோட (சூரியன்லேர்ந்து வீசுற துகள் ஓட்டம்) சுலபமா இணையுற மாதிரி கோணம் அமையுது, அதனால அரோராவ கிளப்புற காந்தப்புயல் சராசரியா அப்போதான் அதிகம். இருட்டும் போதுமான அளவு இருக்கும். ஏப்ரல் பாதிக்கு மேல அங்க ராத்திரி வெளுத்துடும், அப்போ போகாதீங்க.
இன்னொண்ணு, அரோரா ஆப்ல கேபி (Kp, காந்தப்புயல் பலத்த 0லேர்ந்து 9 வரைக்கும் காட்டுற எண்) வெறும் 2ன்னு காட்டுதேன்னு ரூம்லயே படுத்துடாதீங்க ப்ளீஸ், இந்த ஊரெல்லாம் அரோரா வழக்கமா வர்ற வளையத்துக்கு நேர் கீழ இருக்கு, 2 தாராளம். பிஇசட்னு (Bz, சூரியக்காத்தோட காந்தப்புலம் வடக்கா தெற்கான்னு சொல்றது) ஒரு அளவு காட்டும் பாருங்க, அது மைனஸ்லயே நீடிச்சா உடனே வெளிய ஓடுங்க.

பனித்துளி:
சூப்பர் நன்றி! போட்டோல இருக்குற பச்சை கண்ணுக்கும் அப்படியே தெரியுமா?

இராக்குருவி:
பலமா வந்தா பச்சை நல்லாவே தெரியும், ஓரத்துல ரோஸ் கூட ஓடும். மங்கலா இருக்கும்போது வெளுத்த மேகம் மாதிரிதான் இருக்கும், நிறைய பேர் மேகம்னே நெனச்சு திரும்பிப் போயிடுறாங்க. மொபைல நைட் மோட்ல வச்சு மூணு செகண்ட் எடுத்துப் பாருங்க, பச்சையா விழுந்தா அரோராதான். நாலஞ்சு ராத்திரியாவது தங்குற மாதிரி டிக்கெட் போடுங்க, ஒரே ராத்திரிய நம்பி அவ்வளவு தூரம் போகாதீங்க.

வடமீன்:
கேமரா கொண்டுபோனா ஸ்பேர் பேட்டரிய உள்சட்டைப் பையில வைங்க, குளிருக்கு சட்டுனு இறங்கிடும். திரும்ப ரூமுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வெளியவே கேமராவ ஜிப் கவர்ல போட்டு மூடிடுங்க, இல்லன்னா லென்ஸ் மேல தண்ணி கோத்துக்கும்.