டீசல் வெர்னாவை விட்டுப் புது டர்போவுக்கு மாறலாமா?

நெல்லை_டீசல்

வணக்கம் மக்களே. இருப்பது பெங்களூர் ராமமூர்த்தி நகர், சொந்த ஊர் பாளையங்கோட்டை. 2013-இல் வாங்கிய ஹூண்டாய் வெர்னா 1.6 டீசல், 1,62,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. வண்டியில் பெரிய குறை இல்லை. எனக்குத்தான் ஆசை வந்துவிட்டது. 2023-இல் முழுசாக மாற்றி விட்டார்களே, அந்த வெர்னாவில் 1.5 டர்போ பெட்ரோல், டிசிடி (இரட்டை க்ளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர் வைத்ததைப் போன சனிக்கிழமை ஓட்டிப் பார்த்தேன்.

இந்த அளவு செடானில் இனி டீசல் கிடையாது என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் போனேன். தேற்ற வேண்டியே வரவில்லை. என் பழைய எஞ்சின் 128 குதிரைத்திறன், இழுவை தருகிற முறுக்குவிசை சுமார் 260 நியூட்டன் மீட்டர். இது 160, 253. இழுவை ஏறக்குறைய அதேதான், வருகிற விதம்தான் வேறு. என் வண்டி எஞ்சின் நிமிஷத்துக்கு 1,800 சுற்று வரை தூங்கும், அப்புறம் முதுகில் ஒரு தள்ளு தள்ளும். இதில் 1,500-லேயே முழு இழுவையும் கைக்கு வந்துவிடுகிறது, 3,500 வரை அப்படியே நிற்கிறது. "இங்கே மிதிங்க சார்" என்று ஷோரூம் பையன் சொன்ன இடத்தில் மிதித்தேன். ஸ்பீடோமீட்டரைப் பார்த்துவிட்டு நானே காலை எடுத்துவிட்டேன்.

இப்போது சந்தேகங்கள். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. கூரை பின்பக்கம் சரிந்து இறங்குவதால் பின்சீட்டில் ஏற நானே தலையைக் குனிய வேண்டியிருந்தது. ஏசிக்கும் பாட்டுக்கும் ஒரே பலகை, ஒரு பொத்தானைத் தொட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குக் கண் கீழே போகாமல் கை போகவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், தினமும் டின் ஃபேக்டரியிலிருந்து மாரத்தஹள்ளி வரை ஊர்ந்து போகிறவனுக்கு இந்த டிசிடி தாங்குமா? ஷோரூம்காரர்கள் காலியான நாலு கிலோமீட்டர் ரோட்டைத்தான் காட்டினார்கள். அவுட்டர் ரிங் ரோட்டுக்குத் திருப்பட்டுமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இன்னொன்று: ஊரில் பதிவு செய்து டிஎன் 72 நம்பரோடு ஓட்டினால் வரி மிச்சமாகுமா?

எச்எஸ்ஆர்_ஹம்ப்

முதலில் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் பார்க்கிங்குக்குப் போங்கள். உங்கள் பழசு 4,370 மில்லிமீட்டர் நீளம், புதுசு 4,535. அகலம் 1,700-லிருந்து 1,765. ஆறரை சென்டிமீட்டர் என்ன பெரிசு என்று தோன்றும், தூண் பக்கம் கதவைத் திறக்கிறவரைக் கேட்டால் தெரியும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலும் 10 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. கால் நீட்ட வசதிதான், ஆனால் நம்ம ஊர் ஏரியா சங்கங்கள் போட்டு வைத்திருக்கிற கூம்பு மாதிரி ஹம்ப்களில் (வேகத்தடைகளில்) வயிறு தட்டாமல் ஏற வேண்டுமே. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். தனியாக ஓட்டினால் எந்த வண்டியும் தட்டாது.

தோப்பூர்_இறக்கம்

அண்ணாச்சி, நானும் நெல்லைதான். 22 வருஷமாக ஓசூர் ரோட்டில் சனி ஞாயிறுகளைத் தொலைத்தவன்.

டிசிடியைப் பற்றி. இதில் க்ளட்சை நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவுதான். வண்டி நகர்ந்தும் நகராமலும் ஊரும்போது அது அரை க்ளட்சிலேயே நிற்கும். தட்டு உரசும், சூடேறும். முன்பு என்னிடம் ஒரு இரட்டை க்ளட்ச் வண்டி இருந்தது, எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மழை பெய்த ஒரு சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்ட ஒன்றே முக்கால் மணி நேரம். சூடு எச்சரிக்கை வந்து, ஓரம் கட்டிவிட்டு வடை சாப்பிட்டுக்கொண்டு நின்றேன். தப்பு பாதி என்னுடையது. ஒவ்வொரு அடிக்கும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் அப்படித்தான் ஆகும். முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழும் வரை பிரேக்கிலேயே நில்லுங்கள், விழுந்ததும் ஒரே மூச்சில் நகருங்கள். அந்த இடத்தில் ஒரு ஆட்டோ நுழையும். நுழையட்டும்.

போக்ஸ்வாகன் விர்டுஸ் 1.5-ஐயும் ஒரு தடவை பாருங்கள். 150 குதிரை, 250 நியூட்டன் மீட்டர், தரை இடைவெளி 179 மில்லிமீட்டர். நிதானமாகப் போகும்போது நாலில் இரண்டு சிலிண்டரை அணைத்துவிடும். ஆட்டோமேட்டிக் எடுத்தால் அதிலும் இரட்டை க்ளட்ச்தான், மேலே சொன்ன பத்தியம் அதற்கும் உண்டு. வேகத்தில் தரையைக் கவ்விப் போவது அதில் ஒரு பிடி கூடுதல் என்பது என் அபிப்பிராயம். உள்ளே உட்கார்ந்து சுகமாக இருப்பதில் வெர்னா. மோதல் சோதனையில் குளோபல் என்கேப் இரண்டுக்கும் 5 நட்சத்திரம் கொடுத்திருக்கிறது, அதில் குழப்பம் வேண்டாம்.

எதை எடுத்தாலும், ஊருக்குப் போகிற வழியில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே வரும் தோப்பூர் மலை இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்காதீர்கள். ஸ்டியரிங் பின்னால் இடது பக்க பேடிலைத் தட்டிக் கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விடுங்கள்.

நம்பர் விஷயம்: வெளி மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பதிவை மாற்றியாக வேண்டும். வீண் அலைச்சல். ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் செஸ்ஸோடு சேர்த்து 45 சதவீதமாக இருந்தது 40 ஆகக் குறைந்ததே, அதை லாபமாக நினைத்துக்கொண்டு கர்நாடக வரியைக் கட்டிவிடுங்கள்.

ஆறாவது_கியர்

அண்ணா, 14 மாதமாக இதே டர்போ என்னிடம் இருக்கிறது, ஆனால் மேனுவல். வீடு அல்சூர், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. ஊருக்குள் லிட்டருக்கு 11, ஓசூர் தாண்டிச் சேலம் வரை 17 கிடைக்கிறது. டீசல் கணக்கோடு ஒப்பிட்டால் வயிறு எரியும், ஒப்பிடாதீர்கள். க்ளட்ச் லேசுதான், எனக்குக் கால் வலித்ததில்லை. அந்தப் பலகை இரண்டு வாரத்தில் கைக்குப் பழகிவிட்டது. டர்போவில் உள்ளே எல்லாம் கறுப்பு, அங்கங்கே சிவப்பு; பழுப்பு வேண்டுமானால் சாதா எஞ்சின்தான். ஏப்ரல் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்காரும்போது இது ஞாபகம் வரும்.

அம்மாவை நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் ஆயிரம் சொன்னாலும் முழங்கால் அவருடையது.

நெல்லை_டீசல்

ஞாயிற்றுக்கிழமை வேறு ஷோரூமுக்கு அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போனேன். அம்மா பின்சீட்டில் முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்புறம் காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். இறங்கும்போது கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இது உங்க அப்பா இருந்தா திட்டியிருப்பாரு" என்றார். சரி, முன்சீட்டுக்கு மாற்றினேன். சீட்டுக்குள் இருக்கிற காற்றைத் திருப்பிவிட்டதும் திடுக்கிட்டு, "முதுகுல யாரோ ஊதுறாங்கடா" என்று திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு இறங்க மனசே இல்லை. முன்சீட் அம்மாவுக்கு என்று முடிவாகிவிட்டது, மனைவிதான் கொஞ்சம் யோசிக்கிறாள்.

ஐந்து பேரோடு எங்கள் தெரு ஹம்ப்பில் கோணலாக ஏற்றினேன், தட்டவில்லை. பார்க்கிங்கில் டேப் வைத்து அளந்தேன். தூண் பக்கம் நாலு விரல்கடை மிச்சம், கண்ணாடியை மடக்கினால்.

இந்த ஷோரூமில் அவுட்டர் ரிங் ரோட்டுக்கு விட்டார்கள். தோப்பூர் அண்ணாச்சி சொன்ன மாதிரி இடம் விழக் காத்திருந்தேன். இரண்டு ஆட்டோ, ஒரு தண்ணீர் லாரி நுழைந்தன. மகாதேவபுராவில் பொறுமை போய்விட்டது. எனக்கு மேனுவல்தான் சரிப்படும் போல.

ஆனால் போன இரண்டு இடத்திலும் டெஸ்ட் டிரைவுக்கு டர்போ மேனுவல் வண்டி இல்லை. பெங்களூரில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஓசூர் என்றாலும் வருகிறேன்.