எஸ்பிரெஸோ ஒண்ணு புளிக்குது, இல்லேன்னா கசக்குது: என்ன செய்யலாம்?

வணக்கம். வீட்டுக்கு எஸ்பிரெஸோ (அழுத்தத்துல இறக்குற கெட்டிக் காபி) மெஷின் வாங்கி மூணு வாரமாச்சு. ஒரு கப் கூட உருப்படியா வரலை.

18 கிராம் தூளுக்கு 25-30 விநாடியில் 36 கிராம் காபி இறங்கணும்னு படிச்சேன். எனக்கு 12 விநாடியிலேயே இறங்கிடுது. வெளுத்த நுரை, வாயில வச்சா புளிப்பு, முகம் தானா சுளிக்குது. கொட்டை அரைக்கிற கிரைண்டரை ஒரே ஒரு கிளிக் (ஒரு படி) பொடிசா மாத்தினா மெஷின் உறுமுது. சொட்டுச் சொட்டா கருப்பா இறங்கி, ஒரே கசப்பு. நடுவுல ஒரு அளவே இல்லை.

நேத்து அடி திறந்த போர்ட்டாஃபில்டர் (தூள் கூடையைத் தாங்குற கைப்பிடி) போட்டேன். ஒரு ஓரத்துல ஊசி மாதிரி பீய்ச்சி அடிச்சு சட்டையெல்லாம் காபி. தூளை மெல்லிய கம்பியால கிளறிச் சமமாக்கி டேம்ப் பண்ணினதும் (அழுத்தினதும்) கொஞ்சம் தேவலை.

மெஷின் கூடவே வந்த இரட்டை அடுக்குக் கூடையில (ஒரே சின்ன ஓட்டை வழியா பீய்ச்சி நுரை வரவைக்கிறது) போட்டா நுரை அழகா நிக்குது. ஆனா அது வெறும் வேஷம்தானே?

மெஷினை மாத்தாம, கிளிக் இல்லாம நுணுக்கமா திருப்புற கிரைண்டர் மட்டும் வாங்கினா போதுமா? தினம் ரெண்டு கப்தான், கையால அரைக்கிறதே சரிப்படுமா? என் கொட்டைப் பாக்கெட்டுல வறுத்த தேதியே இல்லை, அதுவும் காரணமா இருக்குமோ? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.