சைரன் முதல் பாகம்: சைட்ஜாக்ல நகர முடியாதது குறையா, பலமா?

நள்ளிரவுமணி: 2003ல பிளேஸ்டேஷன் 2க்கு வந்த திகில் வீடியோ கேம் சைரனோட உயிரே, ஷிபிதோக்களோட, அதாவது செத்தும் நடமாடுற எதிரிகளோட கண்ணு வழியா பாக்குற சைட்ஜாக்தான். ஆனா அதைப் பண்ணும்போது நம்ம ஆள் ஒரு அடி நகர முடியாது. மேப்ல நாம எங்க நிக்கிறோம்னும் காட்டாது. 2008ல இதே வரிசையில வந்த பிளட் கர்ஸ்ல திரையை ரெண்டாப் பிரிச்சுட்டாங்க, அவன் பார்வையைப் பாத்துக்கிட்டே நடக்கலாம். அதுதான் சரி. முதல் பாகம் வெறும் தண்டனை.

செந்நீர்: ஒத்துக்கவே மாட்டேன். நகர முடியாததாலதான் எங்க பதுங்கிப் பாக்கணும்னு யோசிக்கிறோம். எல்2 அழுத்திட்டு இடது ஸ்டிக்கை ரேடியோ திருப்புற மாதிரி மெதுவா சுத்துங்க. சிக்குன பார்வையை நாலு பட்டன்ல ஒண்ணுல பதிச்சு வெச்சுக்கலாம். துப்பாக்கிக்காரனை முதல்ல பதியுங்க. அவன் எப்பத் திரும்புறான்னு ரெண்டு சுத்து எண்ணிட்டு, டார்ச்சை அணைச்சு, குனிஞ்சு கிளம்புங்க. டார்ச்சை எரியவிட்டுட்டு சுட்டுட்டான்னு புலம்புறவங்கதான் அதிகம்.

நள்ளிரவுமணி: ஒருத்தன்னா சரி. மூணு பேர் குறுக்க நெடுக்க நடக்குற இடத்துல? மூணாவது ஆளை எண்ணி முடிக்கிறதுக்குள்ள முதல் ஆள் பக்கத்துல நிக்கிறான். நாம ஆடுற பாத்திரங்கள்ல ஒருத்தியான ஹருமிக்கு ஆயுதமும் கிடையாது, சின்னப் பொண்ணு. மாட்டினா கதை முடிஞ்சது.

செந்நீர்: மூணு பேரையும் எதுக்கு எண்ணணும்? உங்க பாதையைப் பாக்குறவன் ஒருத்தன்தான் இருப்பான், அவனை மட்டும் எண்ணுங்க. அவன் பார்வையில உங்க முதுகு தெரிஞ்சா உடனே விட்டுட்டு ஓடணும். அந்த நொடி வர்ற பயம் பிளட் கர்ஸ்ல எங்க இருக்கு?

கூழாங்கல்: ரெண்டு பேரும் தப்பான இடத்துல சண்டை போடுறீங்க. நம்மளை வதைக்கிறது, கட்டங்கள்ல தனியா முடிக்க வேண்டிய ரெண்டாவது இலக்குதான். துண்டை நனைச்சு ஃப்ரீசர்ல வைக்கணும்னு யாருக்குத் தோணும்? அடிச்சு வீழ்த்துன ஷிபிதோ வேற கொஞ்ச நேரத்துல எழுந்துடும், நின்னு தேட அவகாசமே இல்ல.

செந்நீர்: துண்டு விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், அதுக்குக் குறிப்பு பத்தாது. ஆனா எழுந்துடும்ங்கிறதால, அடிக்கிறதே தேடுறதுக்கான நேரம் வாங்கத்தான். விழுந்ததும் முதல்ல தேடுங்க, ஓட்டம் அப்புறம்.

நள்ளிரவுமணி: 2006ல வந்த இரண்டாம் பாகத்துல கண் தெரியாத மிகாமி, தன் நாய் த்சுகாசாவோட பார்வையில நடக்குறாரே? உருவாக்குனவங்களே மனசு மாத்திக்கிட்டாங்க.

செந்நீர்: அங்க நாய் பாக்குறது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நாய் தலையைத் திருப்பினா நீங்க குருடு. நடக்க விட்டாங்க, ஆனா அதுக்கு விலை வெச்சாங்க. பிளட் கர்ஸ்ல ரெண்டு பார்வையும் இலவசம், என் கோபமே அதுதான்.