மறு: ‘ட்யூட்டி டு கோஆபரேட்’ – ‘ஒத்துழைப்புக் கடமை’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம். கேரள–தமிழ்நாட்டு எல்லைக்கு இரு பக்கத்து மெம்பர்களுக்கும் போகிற நம் கையேட்டில், இங்கிலாந்து நிலத் திட்டச் சட்டத்தின் ‘ட்யூட்டி டு கோஆபரேட்’டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

பொள்ளாச்சி ஐயா நேற்று எழுதியது:

> ‘ஒத்துழைப்புக் கடமை’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. எல்லாருக்கும் புரிகிற சொல்தானே?

புரிகிறது ஐயா. தப்பாகப் புரிகிறது, அதுதான் வம்பு. போன வாரம் கையேட்டின் வரைவை இங்கே கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வார்டு மெம்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்போ பக்கத்துப் பஞ்சாயத்து எது கேட்டாலும் நாம சரின்னு தலையாட்டணும், அப்படித்தானே?” என்றார். அவர் மேல் குற்றமில்லை. ‘ஒத்துழைப்பு தாரீர்’ என்று பலகை வைக்கும் இடங்களை நினைத்துப் பாருங்கள். சோதனைச் சாவடியானாலும் சாலை தோண்டும் இடமானாலும், ‘சொன்னபடி கேளுங்கள்’ என்பதுதான் அதற்குப் பொருள்.

மூலத்தில் இருப்பது அதுவல்ல. இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, மண்டல அளவில் திட்டங்கள் இருந்தன. எந்த வட்டாரத்தில் எத்தனை வீடு என்பதையெல்லாம் அவை மேலிருந்து சொல்லும். 2011இல் வந்த லோக்கலிசம் சட்டம் அந்த அடுக்கை எடுக்க வழிசெய்தது. 110ஆம் பிரிவில் இந்தக் கடமையை வைத்தது. அடுத்தடுத்த உள்ளாட்சிகள் நிலத் திட்டம் போடும்போது ஆக்கபூர்வமாகவும் முனைப்போடும் தொடர்ச்சியாகவும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும் என்றது. உடன்பட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. உண்மையாகவே பேசிப் பார்த்து ஒத்துவராமல் போனால், கடமை முடிந்தது. ஆனால் பேசாமலே இருந்துவிட்டுக் கடைசியில் ஒரு கடிதம் போட்டுக் கணக்குக் காட்டினால் திட்டமே போச்சு. கென்ட் பகுதியில் செவனோக்ஸ் உள்ளாட்சி மன்றத்துக்கு அதுதான் நடந்தது. தன் எல்லைக்குள் கட்ட முடியாத வீடுகளுக்கு அண்டை மன்றங்கள் இடம் தருமா என்று முறைப்படி கேட்டது, திட்டத்தைத் தாக்கல் செய்யும் தறுவாயில். திட்டத்தைச் சோதிக்க வந்த ஆய்வாளர் ஏற்கவில்லை. மன்றம் உயர் நீதிமன்றம் போய் 2020இல் தோற்றது. தாக்கல் செய்தபின் ஓடிப்போய்ப் பேசி இந்தக் குறையைச் சரிக்கட்ட முடியாது. (2023ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தக் கடமையை அங்கே விலக்கவே வழிசெய்துவிட்டது. இருந்தாலும் நம் கையேட்டுக்கு இந்தக் கதை வேண்டும்.)

எங்கள் ஊரில் இதை நான் பங்குக் கிணற்றில் பார்த்திருக்கிறேன். பாகம் பிரித்த பிறகு நாலு பங்காளிக்கு ஒரு கிணறு. என் தாத்தாவும் அவருடைய சித்தப்பா மகனும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகமாட்டார்கள். ஆனால் சித்திரையில் தூர் வாருவதற்கு முன்னால் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவார்கள். முகம் பார்க்காமல், கிணற்றைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். மோட்டார் முறை யாருக்கு எந்தக் கிழமை, தூர் வாரும் கூலியில் யாருக்கு எவ்வளவு. முடிவு வந்த வருஷமும் உண்டு, வராமல் எழுந்து போன வருஷமும் உண்டு. பேசாத வருஷம் மட்டும் இல்லை. அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது சொல் தேடுகிறோம்.

அதை வைத்துப் பார்த்தால் ‘கூட்டுறவுக் கடமை’ பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது. ‘இசைவுக் கடமை’ நேரெதிர், இசைவு என்றாலே சம்மதம். ‘கலந்தாய்வு’ என்றால் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை. ‘கலந்தாலோசனை’ பரவாயில்லை, ஆனால் அது ஒருமுறைச் சடங்காகச் சுருங்கிவிடும்: நோட்டீஸ் ஒட்டு, ஆட்சேபணை வாங்கு, கோப்பில் வை. என் பரிந்துரை ‘கூடித் திட்டமிடும் கடமை’. ‘கூடிப் பேசினாங்க, ஒண்ணும் முடியல’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கூடுவதற்குள் சம்மதம் ஒளிந்திருக்கவில்லை.

அடுத்தது அதே சட்டத்தில் வரும் ‘ஸ்ட்ராட்டஜிக்’. ஐயா ‘உத்திசார்’ என்கிறார். இலங்கைத் தமிழில் ‘மூலோபாய’ வழக்கம். அகராதிப்படி இரண்டும் சரி, இந்த இடத்தில் இரண்டும் பொருந்தாது. ‘ஸ்ட்ராட்டஜிக் மேட்டர்’ என்றால் என்னவென்று சட்டமே விளக்குகிறது: குறைந்தது இரண்டு திட்டப் பகுதிகளில் குறிப்பிடத்தக்க விளைவை உண்டாக்கும் நிலப் பயன்பாடு. இதில் உத்தி எங்கே வந்தது? ஓர் ஊர் நிலத்தில் செய்வது அடுத்த ஊரில் போய் முட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் ‘எல்லை தாண்டும் பொருள்’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

முட்டுவதை நேரில் பார்த்தவள் நான். சில வருஷம் முன்பு இந்தப் பக்கத்து வரைபடத்தையும் தமிழ்நாட்டுப் பக்கத்து வரைபடத்தையும் மேசைமேல் சேர்த்து வைத்துப் பார்த்தேன் (ஊரும் அலுவலகமும் வேண்டாம்). இரண்டிலும் எல்லைக் கோட்டுக்கு அப்பால் வெறும் வெள்ளைக் காகிதம். கிழக்கேயிருந்து வரும் ஓடையின் நீலக் கோடு அந்தப் படத்தில் எல்லையோடு முடிகிறது, எங்கள் படத்தில் அரை விரல் தள்ளித் தொடங்குகிறது. அந்த அரை விரல் இடைவெளியில்தான் சித்தியின் வயல். ஓடையோரம் தமிழ்நாட்டுப் பக்கம் மனை பிரித்துக் கல் நட்டபின் இரண்டு மழைக்காலம் வயலில் தண்ணீர் நின்று நாற்று அழுகியது. அந்தப் பக்க அலுவலகத்துக்குப் போனோம். “உங்க வயல் எங்க படத்திலேயே இல்லையேம்மா” என்றார்கள். உண்மைதான், இல்லை.

தண்ணீருக்காவது காகிதம் இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவில் கேரளத்துக்கு வர வேண்டும். வந்ததா இல்லையா என்று சண்டை போடவாவது ஒரு எண் கையில் உண்டு. நிலத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 1992இல் வந்த 74ஆம் திருத்தம் அரசமைப்பில் சேர்த்த 243-இசட்.டி. பிரிவு, மாவட்டத் திட்டக் குழு பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்கிறது. நிலப்பரப்புத் திட்டமிடல், நீரைப் பகிர்தல் இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நல்ல பிரிவு. ஆனால் அது மாவட்டத்துக்குள் நிற்கும் குழு. கொழிஞ்சாம்பாறைக்குப் பாலக்காடு மாவட்டக் குழு, பொள்ளாச்சிக்குக் கோவை மாவட்டக் குழு. சித்தியின் வயலுக்கு எந்தக் குழு?

*

செங்கோட்டையிலிருந்து:

> அக்கா, ‘கூடித் திட்டமிடும்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ‘எல்லை தாண்டும்’ வேண்டாமே. செய்தித்தாளில் எல்லை தாண்டினால் அடுத்த வரியில் மீனவர் கைது. அப்புறம், உங்கள் பக்கம் ‘அயல்கூட்டம்’ என்று சொல்வீர்களே, அந்த ‘அயல்’ எடுத்துக்கொண்டால் அழகாக இல்லையா?

*

பொள்ளாச்சி ஐயாவிடமிருந்து:

> சரி அம்மா, ஒத்துழைப்பை விட்டுவிடுகிறேன். கிணற்றுக் கதையோடு வாதிட முடியாது. ஆனால் அட்டவணையில் மூன்று சொல் நீளம் இடிக்கும். ‘கூடுதிட்டக் கடமை’ என்று சுருக்கலாமா?

*

மீனவர் கைதை நான் யோசிக்கவே இல்லை தங்கச்சி, தோற்றேன். ‘ஊர் தாண்டும் பொருள்’ என்று மாற்றிக்கொள்கிறேன். பஞ்சாயத்துக்கும் பொருந்தும், நகராட்சிக்கும் பொருந்தும், மாநிலம் மாறினாலும் இடிக்காது.

‘அயல்’ எனக்கும் ஆசைதான். கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீ 1998இல் வந்ததிலிருந்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடும் குழுவான அயல்கூட்டம் என்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வீட்டுச் சொல்லாகிவிட்டது. இங்கே அயல் என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர். ஆனால் பொள்ளாச்சியில் அயல் என்றால் அயல்நாடு, பாஸ்போர்ட். பழந்தமிழில் பக்கம் என்ற பொருள் உண்டு என்று ஐயா சொல்வார். ஆனால் கையேடு பழந்தமிழ்க்காரர்களுக்குப் போகவில்லை, எல்லைக்கு இரு பக்கத்து மெம்பர்களுக்கும் போகிறது. ‘அண்டை’ போதும்.

ஐயா, ‘கூடுதிட்டம்’ என்று பார்த்ததும் எனக்குக் கோழிக்கூடுதான் கண்ணில் வந்தது. இலவசக் கோழிக்குஞ்சு கொடுக்கிற காலம் வேறு. மன்னிக்கவும், நீளமாகவே இருக்கட்டும். அட்டவணைக் கட்டத்தை அகலப்படுத்திவிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. 2018இல் இங்கிலாந்தின் திட்டக் கொள்கைச் சட்டகத்தைத் திருத்தியபோது ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் காமன் கிரவுண்ட்’ என்று ஓர் ஆவணத்தைக் கொண்டுவந்தார்கள். அண்டை மன்றங்கள் எதில் ஒத்துப்போயின, எதில் இன்னும் ஒத்துப்போகவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். நம் முதல் வரைவில் யாரோ இதைப் ‘பொது நில அறிக்கை’ ஆக்கிவைத்திருந்தோம். (யாரோ இல்லை, நான்தான்.) மெம்பர் அந்தப் பக்கத்தைத் திருப்பியதும், “இது புறம்போக்கு லிஸ்டா?” என்று கேட்டார். ‘ஒத்த கருத்தறிக்கை’ என்றாலும் பாதிதான் வருகிறது, ஒவ்வாத கருத்தும் அதில் இருக்கிறதே. இப்போதைக்குப் ‘பேச்சுநிலை அறிக்கை’ என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். பேச்சு எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்லும் தாள்.

அச்சுக்குப் போகப் பத்து நாள் இருக்கிறது. நாளைக் காலை மெம்பர் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருவார், அங்கேயே பிடித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன்.